கம்பியிலதான் இருந்துதுங்க

அவர் பெயரை எழுதப் போவதில்லை. மறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இருபது வருடம் ஒருவர் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவனுக்குப் பெயரா மறக்கும்? எந்தக் கோளாறுக்கும் இன்னார்தான் காரணம் என்று கடைசிவரை வாய் திறக்காத மனிதர் அவர். அப்படிப்பட்டவரைப் பற்றி எழுதும்போது அவர் பெயரைப் போட்டுவிட்டு என் பெயரை மட்டும் ஒளித்துவைப்பது முறையல்ல. என் பெயரைப் போடவோ எனக்குத் தைரியம் இல்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். அதனால் இரண்டு பேருமே பெயரில்லாமல் இருந்துவிட்டுப் போகிறோம்.

எழுபதுகளின் நடுவில் நான் நெய்வேலிக்கு வந்தேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சுரங்கத்திலிருந்து நிலக்கரி சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டுகளுக்கு மின்சாரப் பராமரிப்பு பார்க்கும் செக்‌ஷனில் இன்ஜினீயர் வேலை. மின் பொறியியலில் முதல் வகுப்பில் தேறியவன். முதல் வகுப்பு என்பதை இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் காரணமே இல்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவர் அதே செக்‌ஷனில் கான்ட்ராக்ட் ஆள். ஏறக்குறைய என் வயதுதான். மந்தாரக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து சைக்கிளில் வருவார். படிப்பு எட்டாவதோடு சரி. சுரங்கம் வருவதற்கு முன் அந்த இடத்தில் இருந்த முந்திரித் தோப்புகளில் அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போனவர்கள். இத்தனை வருடமாகியும் ஏன் இன்னும் கான்ட்ராக்ட் என்று ஒருநாள் கேட்டேன். "நெலம் குடுத்தவங்க வூட்டுல ஆளுக்கு ஒரு வேல வந்துதுங்க. நாங்க அந்த நெலத்துல கூலிக்குப் போனவங்க. எங்களுக்கு எப்பிடி வரும்?" என்றார். குறைப்பட்டுக்கொள்வது போலவே இருக்காது அவர் சொல்வது. பக்கத்து ஊர் மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார். ஆனால் பெர்மனென்ட் ஆக வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. வயது வரம்பு என்று ஒன்று இருந்தது. அது அவரை நெருங்கிக்கொண்டிருந்தது.

இப்போது அவர், இவர் என்று எழுதுகிறேனே, அப்போது நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை சார் என்பார்.

வேலையில் அவருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. எந்த இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாலும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கை சும்மா இருக்காது, எதையாவது தொட்டுவிடும், தொட்டால் ஃபால்ட் ஓடிப்போய்விடும் என்பது அவர் கட்சி. நாங்கள் எல்லாம் ஃபால்ட் என்று கேட்டதும் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஜாதி. அவர் ஒரு காலி பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "வரட்டுங்க, பாத்துக்கலாம்" என்பார். வர வேண்டியது ஃபால்ட்.

ஒரு முறை ஒரு பெல்ட்டின் மோட்டார் ஷிஃப்டுக்கு இரண்டு தடவை, மூன்று தடவை தானாக நின்றுகொண்டிருந்தது. நாங்கள் போய் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். நான் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் சர்க்யூட் வரைந்து ஆறு விதமான காரணங்களை விளக்கினேன். ஃபோர்மேன் என்று ஒருவர் இருந்தார், குரலிலேயே பாதி வேலையை முடித்துவிடுபவர். டின் மேல் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்து, கம்பெனி என்ன உனக்குச் சினிமாவா காட்டுகிறது என்று சத்தம் போட்டார். இவர் எழுந்து நின்று பார்த்தார், அவ்வளவுதான். மறுநாள் மதியம் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தூசி அடங்குவதற்காகத் தண்ணீர் பீய்ச்சும் குழாய் ஒன்று பக்கத்தில் இருந்தது. காற்று மேற்கிலிருந்து அடித்தால் அந்தத் தண்ணீர் இந்தப் பக்கம் உள்ள இணைப்புப் பெட்டி மேல் தெறிக்கும். பெட்டியின் மூடிக்கு நான்கு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. போன வாரம் அதைத் திறந்து அரைகுறையாக மூடியது ஃபோர்மேன் என்பது எல்லாருக்கும் தெரியும். மேலதிகாரி வந்து யார் பார்த்த வேலை இது என்று கேட்டார். "கம்பியிலதான் இருந்துதுங்க, தண்ணி எறங்கி இருந்துது" என்றார் இவர். ஃபோர்மேன் அன்று முழுக்க சத்தம் போடவில்லை.

இன்னொன்று நாங்கள் குடியிருந்த பிளாக்கிலேயே நடந்தது. நாலு வீடு தள்ளி ஒரு குவார்ட்டர்ஸில் மாமியார், மருமகள். மாமியாருக்கு மத்தியான ரேடியோ நிகழ்ச்சிதான் உயிர். சரியாக அந்த நேரத்தில் ரேடியோ கரகரவென்று இரையும். ரேடியோவை மூன்று கடைகளுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடையில் அது நன்றாகப் பாடும். கடைசியில் இவரைக் கூப்பிட்டார்கள். ஒரு லீவு நாளில் வந்து அவர்கள் வீட்டுக் கூடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு சாமான் அறைக்குள் போய் ஒரு சுவிட்சைக் கழற்றி மாட்டினார். மழைத் தண்ணி இறங்கிக் கம்பி லூஸாகி இருந்தது என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது. உண்மை என்ன என்று என் மனைவி மூலமாகப் பிற்பாடுதான் தெரிந்தது. மாமியார் ரேடியோ கேட்கும் நேரத்தில் மருமகள் சாமான் அறைக்குள் போய், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, லைட்டைப் போட்டுக்கொண்டு வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிப்பாள். தேய்ந்துபோன சுவிட்ச், உள்ளே பொறி பறந்துகொண்டே இருக்கும். அதுதான் ரேடியோவில் கரகரப்பு. சுவிட்சைச் சரி செய்த பிறகு ரேடியோவும் தெளிவாகப் பாடியது, தொடர்கதையும் நிற்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். வராமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

கல்யாணமான மறு வருடம் நான் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். எனக்கு முன்னால் இரண்டு கை மாறிய வண்டி. அப்போது பிளாக்கில் சைக்கிள்தான் அதிகம், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் சமையலறை ஜன்னல்கள் திறக்கும். நானும் அந்த ஜன்னல்களுக்காகவே ஆக்ஸிலரேட்டரை ஒரு முறுக்கு அதிகமாக முறுக்குவேன். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு நிற்க ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருக்கும், வளைவிலோ பள்ளத்திலோ டக்கென்று உயிர் போகும். உதைத்தால் கிளம்பாது. இறங்கி, டூல்பாக்ஸைத் திறந்து, பிளக்கைக் கழற்றி, துடைத்து, ஊதி, மாட்டி உதைத்தால் கிளம்பிவிடும். அரை மைல் போனதும் மறுபடி நிற்கும்.

மந்தாரக்குப்பத்தில் இருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் கடை முன்னால் குழந்தை மாதிரி ஓடும். இரண்டு நாள் அவரே வைத்து ஓட்டிப் பார்த்தார். ஒரு தடவை கூட நிற்கவில்லை. வண்டியில் ஒன்றும் இல்லை சார் என்று சொல்லும்போது அவர் வண்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

நான் விடவில்லை. முதல் வகுப்பு அல்லவா. பிளான்ட்டில் இருப்பது போலவே ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். தேதி, ஷிஃப்ட், வெயிலா மழையா, பாட்டரி வோல்ட், நின்ற இடம், நின்ற நேரம், எடுத்த நடவடிக்கை என்றெல்லாம் பன்னிரண்டு கட்டம். மூன்று மாதம் எழுதினேன். அதிலிருந்து தெரிந்தது இவ்வளவு. முதல் ஷிஃப்டுக்குப் போகும்போது நிற்கிறது. இரண்டாவது ஷிஃப்டுக்குப் போகும்போதும் நிற்கிறது. நைட் ஷிஃப்டுக்குப் போகும்போது நிற்பதில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும்போது எந்த ஷிஃப்டிலும் நிற்பதில்லை. மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எங்கே போனாலும் நிற்பதில்லை. இதற்கெல்லாம் என்னிடம் விளக்கம் இருந்தது. விடியற்காலையில் பனி, அதனால் காயிலில் ஈரம். மதியம் வெயில், அதனால் காயிலில் சூடு. இரவில் பனியும் இல்லை, வெயிலும் இல்லை. ஒரு அமாவாசை அன்று காலையில் போகும்போது நிற்கவில்லை. அந்தக் கட்டத்தில் 'நிலவு, ஈரப்பதம், தொடர்பு உண்டா?' என்று எழுதியிருக்கிறேன். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன், யாருக்கும் காட்டுவதில்லை.

காயிலை மாற்றினேன். அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட், ஒரு நாளும் நிற்கவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று கேன்டீனில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அதற்கு அடுத்த வாரம் முதல் ஷிஃப்ட், திங்கட்கிழமையே நின்றது. "இன்னும் எத்தன காயிலு மாத்துவிய?" என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு மின்சாரம் பற்றி என்ன தெரியும் என்று நான் நோட்டில் அடுத்த வரியை நிரப்பினேன்.

ஷிஃப்ட் வேலையில் ஒருவன் தாமதமாக வந்தால் அது அவனோடு போகாது. வேலை முடித்தவர் மாற்று ஆள் வரும்வரை வீட்டுக்குப் போக முடியாது. எனக்காகக் காத்திருந்தவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர், கோபத்தையும் மரியாதையாகத்தான் சொல்வார். ஒருநாள் கடிகாரத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, நிற்கிறது வண்டிங்களா இல்லை தூக்கங்களா என்று கேட்டார். மேலதிகாரி எனக்கு இரண்டு மெமோ கொடுத்திருந்தார். அதற்குப் பிறகுதான், வேறு வழியே இல்லாமல், பெயின்ட் டின் மேல் உட்காரும் அவரிடம் போனேன். அதுவும் எப்படி? உனக்கும் கொஞ்சம் பழக்கமாகட்டும், என் வண்டியைப் பார் என்று அவருக்கு உபகாரம் செய்வது போல.

நோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, நிற்காத அந்த அமாவாசை அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. விரதம், ஒரு வேளைதான், காலையில் பாலைக் குடித்துவிட்டுப் போனேன் என்றேன். அப்படிங்களா என்று நோட்டை மூடிக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் எனக்கும் அவருக்கும் இரண்டாவது ஷிஃப்ட். மதியம் ஒரு மணிக்கு என் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். தான் இல்லை என்று நினைத்துக்கொண்டு எப்போதும் போலக் கிளம்பச் சொன்னார். பின்னால் உட்கார்ந்தார். என் மனைவி சாப்பாட்டுக் கேரியரை எடுத்து வந்தாள். வழக்கமாக நான் அதை ஹேண்டில்பாரில், ஹெட்லைட்டை ஒட்டி மாட்டிக்கொள்வேன். அன்றுதான் பின்னால் ஆள் இருக்கிறாரே என்று அவர் கையில் கொடுத்தாள். வண்டி நிற்கவில்லை. மறுநாளும் கேரியர் அவர் மடியில், நிற்கவில்லை. மூன்றாம் நாளும் அப்படியே. உன்னைக் கண்டால் வண்டிக்குப் பயம் போலிருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை, மடியில் இருந்த கேரியரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நாலாம் நாள், கேரியரை வழக்கமான இடத்திலேயே மாட்டுங்கள் என்றார். என்னுடையது நாலடுக்கு கேரியர். சாதம், குழம்பு, பொரியல், தயிர்சாதம். ஷிஃப்டில் போய் இதையெல்லாம் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து இன்னொரு சாப்பாடு சாப்பிடுவேன், அது வேறு விஷயம். டவுன்ஷிப் ரோடு முடிந்து மைன்ஸ் ரோட்டில் திரும்பும் வளைவில் வண்டி நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். பார்த்தாயா, பார்த்தாயா என்றேன். ஸ்டாண்டு போட்டுவிட்டு, வழக்கம்போல, குழம்பு சிந்திவிடாமல் கேரியரை முதலில் எடுத்துக் கீழே வைக்கக் கையை நீட்டினேன்.

"சார், அப்பிடியே நில்லுங்க. எதையும் தொடாதீங்க" என்றார்.

அவர் என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நின்றேன். அப்படியே உதையுங்கள் என்றார். பத்து உதை உதைத்தேன், கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். பின்னால் கட்டியிருந்த கைகளில் ஒன்றை எடுத்து, ஒரே ஒரு விரலைக் கேரியரின் கைப்பிடிக்குக் கீழே கொடுத்து ஒரு அங்குலம் தூக்கினார்.

"இப்ப ஒதைங்க."

கிளம்பியது. விரலை இறக்கி ஹேண்டிலை லேசாகத் திருப்பினார், நின்றது. தூக்கினார், உதைத்தேன், கிளம்பியது. இப்படி மூன்று தடவை. சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் கம்பி ஹெட்லைட்டுக்குப் பக்கமாக வெளியே வருகிறது. என் கேரியரின் கைப்பிடி சரியாக அதன் மேல் உட்கார்ந்து இழுத்திருக்கிறது. உள்ளே முனை லூஸாகி, வண்டி திரும்பினால், குலுங்கினால் தொடர்பு விட்டுவிடும். நின்றதும் நான் முதலில் செய்வது கேரியரை இறக்குவது. அத்தோடு கோளாறு சரியாகிவிடும். அதற்குப் பிறகு நான் பிளக்கைத் துடைத்ததும் ஊதியதும் சாமிக்குச் செய்த பூஜை, அவ்வளவுதான். திரும்பி வரும்போது கேரியர் காலி. நைட் ஷிஃப்டுக்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஃபிளாஸ்கோடு போவேன். மனைவி பின்னால் இருந்தால் பை, கூடை எல்லாம் அவள் மடியில். அமாவாசைக்கு விரதம். பன்னிரண்டு கட்டம் போட்டேனே, பதின்மூன்றாவதாக 'கேரியர்' என்று ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவில்லை.

ரோட்டோரத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். கால் வலித்தது. அவர் கம்பி முனையை அழுத்தி இறுக்கிக்கொண்டிருந்தார். வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். "எதச் சொல்றதுங்க? கம்பியிலதான் இருந்துது" என்றார். மறுநாள் ஸ்கிராப்பிலிருந்து ஒரு இரும்புத் துண்டை வளைத்து, சீட்டுக்கு இடது பக்கம் கேரியர் மாட்ட ஒரு கொக்கி வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வண்டி வழியில் நின்றதே கிடையாது.

கேன்டீனில் கேட்டார்கள், எப்படிச் சரியாயிற்று என்று. இவர் அடுத்த மேஜையில் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். காயில் போயிருந்தது, நானே கண்டுபிடித்து மாற்றினேன் என்றேன். ஏற்கனவே ஒரு காயில் மாற்றினாயே என்று ஒருவர் கேட்டார். அது கம்பெனிச் சரக்கு இல்லை, இது ஒரிஜினல் என்றேன். பொய் சொல்ல ஆரம்பித்தால் நான் முழுமையாகச் சொல்பவன். இவர் திரும்பிப் பார்த்து, ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு உறுத்தவே இல்லை. நல்ல ஆள் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒன்றரை வருடம் கழித்து, கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பெர்மனென்ட் ஆக்க இன்டர்வியூ வந்தது. அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த தடவை வைக்கும்போது வயது தாண்டியிருக்கும். தேர்வுக் குழுவில் மூன்று பேர். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி, பெர்சனல் பிரிவிலிருந்து ஒருவர், செக்‌ஷன் சார்பில் நான். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் நம் ஃபோர்மேன்.

இவர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார், மடிப்பு கலையாத புதுச் சட்டை. பெரிய அதிகாரி இரண்டு புத்தகக் கேள்வி கேட்டார். அவற்றுக்குச் சரியாகப் பதில் வரவில்லை. பிறகு, இத்தனை வருடத்தில் நீ கண்டுபிடித்த கஷ்டமான ஃபால்ட் ஒன்றைச் சொல் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் கேள்விக்காகவே பிறந்த ஆள் அவர். ஆனால் அவருடைய ஒவ்வொரு ஃபால்ட்டுக்குள்ளும் ஒரு மனுஷன் இருக்கிறான் என்பதை மறந்துவிட்டேன். ஒருவர் வாசலில் நின்றிருந்தார். இன்னொருவன் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எல்லாம் கம்பியிலதான் இருந்துதுங்க" என்றார்.

அதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அதிகாரி கேட்டார். பார்த்துக்கினு இருந்தேன் என்றார். சும்மா பார்த்துக்கொண்டு இருந்தாயா என்று கேட்டதற்கும் ஆமாங்க என்றார். அதிகாரி பென்சிலால் தாளில் ஒரு சின்னக் கோடு போட்டார். சரி, போகலாம் என்றார்.

அப்போதே நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அடுத்து நாலு பேர் வந்து போனார்கள், நாலு பேரிடமும் நான் ஓம் விதி பற்றிக் கேள்வி கேட்டேன். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பேசினால் என்ன ஆகிவிடும்? சிரிப்பார்கள். அவருக்கு வேலை கிடைக்காமல் போவதும் நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரிப்பதும் எனக்கு அன்றைக்கு ஒரே எடையாகத் தெரிந்தன.

மதியம் பெரிய அதிகாரிக்குச் சாப்பாடு வந்தது. பியூன் கொண்டுவந்து என் முன்னால் மேஜையில் வைத்தார். நாலடுக்கு கேரியர். அதிகாரி ஒவ்வொரு அடுக்காக எடுத்துப் பரப்பினார். சாதம், குழம்பு, பொரியல், தயிர்சாதம்.  சார், ஒரு விஷயம் என்று ஆரம்பித்தேன். நோட்டு, பன்னிரண்டு கட்டம், பனி, வெயில், அமாவாசை, மாற்றிய காயில், மாற்றாத காயில், ஒரு விரல், எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே அதிகாரிக்குப் புரையேறிவிட்டது. பெர்சனல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் ஃபோர்மேன் சிரிப்பது கதவு வழியாகக் கேட்டது. அவருக்குத் தெரிந்தால் அன்று சாயங்காலத்துக்குள் எல்லா பிளாக்குக்கும் தெரிந்துவிடும். சிரித்து முடித்ததும் அதிகாரி, அந்த ஆளைக் கூப்பிடுங்கள் என்றார்.

அவர் வந்து நின்றார். மேஜை மேல் இருந்த கேரியரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சார் வண்டியில் என்னப்பா ஃபால்ட் என்று அதிகாரி கேட்டார்.

"காயில் போயிருந்துதுங்க. சாரே கண்டுபுடிச்சி மாத்தனாரு" என்றார். "ஏற்கனவே போட்டது கம்பெனி சரக்கு இல்லீங்க."

நான் கேன்டீனில் சொன்ன பொய், ஒரு வார்த்தை குறையாமல். டம்ளர் கழுவிக்கொண்டு கேட்டதை ஒன்றரை வருடம் பத்திரமாக வைத்திருந்து, தன் வேலையைப் பணயம் வைத்து என்னிடமே திருப்பிக் கொடுக்கிறார். நான் எழுந்து நின்றுவிட்டேன். தேர்வுக் குழுவில் இருப்பவன் எழுந்து நிற்கக் கூடாது என்றெல்லாம் தோன்றவில்லை.

"நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீங்க சொல்லுங்க" என்றேன்.

நீங்க என்று சொன்னது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. அவர் கவனித்தார். 

"சார் வூட்டு அம்மா கை நெறைய வெச்சி அனுப்புவாங்க. அந்த வெயிட்டு கம்பிய இழுத்துதுங்க. தூக்கிப் பாத்தேன், ஓடுச்சி" என்றார். பிறகு அவசரமாக, "சாரு மேல தப்பு இல்லீங்க. வண்டி செஞ்சவன் கேரியருக்குக் கொக்கி வெக்காம உட்டுட்டான்" என்றார்.

அதிகாரி இந்த முறை சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து முன்பு போட்ட கோட்டை ரப்பரால் அழித்தார்.

ஆர்டர் மூன்று வாரத்தில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார். என் மனைவி கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார், என்னிடம் கொடுக்கவில்லை. எனக்கும் ஒரு பெயர் கிடைத்தது. அன்றிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை செக்‌ஷனிலும் பிளாக்கிலும் நான் 'கேரியர் சார்'. என்னிடம் வேலை பழக வந்த பையன்கள் அதுதான் என் பெயர் என்று நினைத்துக் கடிதமே எழுதியிருக்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர் மட்டும் மரியாதையாக, கேரியர் சார்ங்க என்பார்.

எண்பதுகளின் கடைசியில் அந்த வண்டியை விற்றேன். வாங்க வந்தவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இன்ஜினீயர். பேச்சோடு பேச்சாகத் தானும் முதல் வகுப்பு என்றார். இவரும் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஸ்டார்ட்டிங் டிரபிள் ஏதாவது உண்டா என்று வந்தவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "ஒரு தடவ கம்பியில இருந்துதுங்க, இப்ப இல்ல" என்று இவர் சொல்லிவிட்டார். வந்தவர் வண்டியைச் சுற்றிவந்து, சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கொக்கியைத் தொட்டுப் பார்த்து, இது என்ன பார்ட், எந்த வண்டியிலும் பார்த்ததில்லையே என்றார். இவரோ என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார், வரட்டும் என்று.

"அது வண்டிக்கு இல்ல தம்பி, எனக்கு வெச்சது" என்றேன்.